மோர் குடித்த கார்

அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான், என் மனைவி செல்வி, என் மாமனார், நடுரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிவிட்டு ஓரத்தில் நின்ற அஞ்சலாட்சி அம்மா, கடைசியில் டிராக்டரோடு வந்து சேர்ந்த வீரமுத்து. அவ்வளவுதான். இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், இன்றைக்குக் கரியமாணிக்கத்தில் டீ குடிக்கிற எவரைக் கேட்டாலும் “அப்ப நான் அங்கதாம்பா இருந்தேன்” என்கிறார்கள். என் மகன் அன்று கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன்கூட நேரில் பார்த்தவன் மாதிரி கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டுகிறான். அவன் சொல்லும்போது தீ ஆள் உயரத்துக்கு எரிகிறது. உண்மையில் தீயே இல்லை. என் மானம் போனதே அதனால்தான்.

நான் பயப்படுகிற ஆள். இதை மறைத்துப் பிரயோஜனமில்லை. ஒன்பதாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வில் ஃபெயிலாகிவிடுவேனோ என்று பயந்து, தேர்வே எழுதாமல் பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றவன். (எழுதியிருந்தால் பாஸ் பண்ணியிருப்பாயா என்று கேட்காதீர்கள். அந்தப் பயமும் இன்னும் இருக்கிறது.) பிறகு மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலை கற்றுக்கொண்டு, மூன்று வருஷம் மஸ்கட் போய் வந்து, இப்போது நெட்டப்பாக்கத்தில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். சுற்று வட்டாரத்து போர் மோட்டார் எல்லாம் எரிந்துபோனால் என்னிடம்தான் வரும். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது முறை இழுப்பேன்.

இப்படிப்பட்டவன் இருபத்தாறு வயதில், மஸ்கட் பணத்தில், ஒரு கார் வாங்கினேன். பார்க்கச் சின்ன கார்தான். நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்குள் வைத்திருந்த என்ஜின் அதைப்போல இரண்டு பங்கு பெரிய காருக்கு வைக்க வேண்டியது. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் போதும், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். வில்லியனூர் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ஒருமுறை மிதித்தேன். என் வாழ்க்கையில் பயமே இல்லாமல் கழிந்த பத்து விநாடி அதுதான். பதினோராவது விநாடி பயம் வந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து, செல்வி மாசமாக இருந்தபோது, காரை விற்றேன். வேகமாகப் போகிறது என்பதற்காக வாங்கினேன். வேகமாகப் போகிறது என்பதற்காகவே விற்றேன். வாங்கியவர் காரணம் கேட்டார். சொன்னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, நான் மனசு மாறுவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. இருபது வருஷமாக, தூரத்தில் அதே மாதிரி உறுமல் கேட்டால் கையில் காயில் கம்பியோடு கடைக்கு வெளியே வந்து எட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் சைலன்சர் ஓட்டையான மினி லாரியாக இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் வில்லியனூரில் ஒரு வீட்டுக்கு மோட்டார் மாட்டப் போனேன். தென்னை மரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடி ஏதோ கிடந்தது. காற்றில் தார்ப்பாய் ஓரம் தூக்கியது. சிவப்பு. அதே பின்விளக்கு. அதே கார். வீட்டுக்காரரின் மகன் ஆசை ஆசையாக வைத்திருந்து, ஸ்பிரிங்கையெல்லாம் வெட்டித் தரையோடு தரையாக இறக்கி, பிறகு வெளிநாட்டுக்குப் போய்விட்டானாம். காருக்கும் தரைக்கும் நடுவே ஒரு பூனை நுழையலாம். வாயில் எலி இருந்தால் நுழைய முடியாது. அவ்வளவு இறக்கம்.

வாங்கிவிட்டேன்.

வாசலில் காரைப் பார்த்த செல்வி முதலில் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் பேசினாள்.

“நாப்பத்தெட்டு வயசுல இன்னாங்க இது?”

“சும்மாதான் கெடந்துச்சி…”

“நீங்களும் சும்மாதான கெடந்தீங்க. நான் யார்னா வந்து வாங்கிக்கினு போங்கன்னா சொன்னேன்?”

கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டாள். “ஓட்டுங்க. ஆசப்பட்டுட்டீங்க. ஆனா எங்கள்ல யாரயாச்சும் ஏத்திக்கினு போறப்ப, ஒரே ஒரு வாட்டி நடுரோட்ல நின்னுச்சி, அன்னிக்கே வித்துடணும். சரியா?”

சரி என்றேன். அன்றிலிருந்து தூக்கம் போச்சு.

பேட்டரியை வாரம் இரண்டு முறை பார்த்தேன். தண்ணீர், ஆயில், பெல்ட், டயர் எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். காருக்குள் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று, முதலுதவிப் பெட்டி, இரண்டு டார்ச், இழுப்பதற்கு நைலான் கயிறு என்று வாங்கிப் போட்டேன். நூற்றெண்பது கிலோமீட்டர் வேகம் போகக்கூடிய காரை நாற்பதுக்குமேல் ஓட்டியதில்லை. சைக்கிளில் போகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் வந்து, “மாமா, ரிப்பேரா?” என்று விசாரித்துவிட்டுத் தாண்டிப் போவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் என் தங்கை காஞ்சனாவின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. பாகூர் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலில், வெள்ளிக்கிழமை காலை, பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் குத்தியாக வேண்டும். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். குழந்தைக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் நான்தான். நான் போகாவிட்டால் மடி கிடையாது. மடி கிடையாது என்றால் காதுகுத்து கிடையாது.

காஞ்சனா முதல் நாளே ஃபோன் செய்தாள். “அண்ணா, பஸ்ல வந்துடேன். இல்லன்னா ஆட்டோவுல வா.”

“ஏம்மா, கார் இருக்குதே.”

“அதனாலதாண்ணா சொல்றேன்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பயப்படுகிறவனுக்கு ரோஷம் வந்தால் ஊருக்கே ஆபத்து.

மாசிக் கடைசி. காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று இருந்தது. சீர்த்தட்டு ஐந்தையும் செல்வி மடியிலும் பக்கத்திலுமாக வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். முன்சீட்டில் மாமனார். அவருக்கு எழுபத்தைந்து வயது. ஆயுள் முழுக்கக் கரும்பு போட்டவர். அதிகம் பேச மாட்டார். பேச வேண்டிய நேரத்தில் நிச்சயம் பேச மாட்டார். டிக்கியில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் நிறைய மோர். செல்வியின் மோர் எங்கள் சொந்தத்தில் பேர் பெற்றது. வீட்டு மாட்டுப் பாலில் தயிர் போட்டுக் கடைந்து, பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம் எல்லாம் போட்டு வைப்பாள். “பந்திக்கு மோர் மட்டும் உங்க வூட்லருந்து வந்துடணும் அண்ணி” என்று காஞ்சனா கேட்டு வாங்கிய மோர் அது.

முக்கால் வழி எந்தக் குறையும் இல்லை. கார் பஞ்சு மாதிரி போனது. நான் மனசுக்குள் தங்கைக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த உளுந்து வந்தது.

எங்கள் பக்கம் நெல் அறுத்த வயலில் உளுந்து விதைப்பார்கள். மாசி பங்குனியில் செடியோடு பிடுங்கி, காயவைத்து, தார்ரோட்டில் கனமாகப் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் மேலே ஏறிப் போகப் போக, காய் உடைந்து உளுந்து கொட்டிவிடும். கூலி மிச்சம். பஸ் போகும், லாரி போகும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு விதி உண்டு. மேலே ஏறினால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விதி.

தரையோடு தரையாக இறக்கிய காரில் அதன்மேல் முதன்முதலாக ஏறுகிறேன். அடியில் சரசரவென்று சத்தம். பத்தடி போவதற்குள் எனக்கு நூறு யோசனை. செடி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளுமோ? பிரேக் வயரை இழுத்துவிடுமோ? அந்த அம்மாவின் உளுந்து நசுங்கிப் போகுமோ? (நசுங்கத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.)

ஓரத்தில் நின்ற அஞ்சலாட்சி அம்மா கையை வீசிக் கத்தினார். “போ, போ, நிக்காத! போய்க்கினே இரு!”

பின்னாலிருந்து செல்வியும் சொன்னாள். “ஏங்க, நிறுத்தாதீங்க!”

இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் எனக்குக் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். நிறுத்தினேன். உளுந்துச் செடிக் குவியலின் நட்ட நடுவில், சுடச்சுட இருந்த சைலன்சரைக் காய்ந்த செடியின்மேல் வைத்து நிறுத்தினேன்.

சரியாக எத்தனை விநாடி என்று தெரியாது. பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழுந்தது.

“தீ!” என்றேன். நான் சொன்னதாகத்தான் நினைத்தேன். அஞ்சலாட்சி அம்மா சொல்வதைப் பார்த்தால், பக்கத்து வயலில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டதாம்.

அதன்பிறகு நான் செய்தவை மின்னல் வேகத்தில் நடந்தன. அந்தக் காரில் அதுவரை எதுவும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. மாமனாரின் கதவைத் திறந்து, அவரை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டுபோய் வரப்பில் உட்காரவைத்தேன். அவர் கையில் எதையோ பிடித்திருந்தார். அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. ஓடி வந்து டிக்கியைத் திறந்தேன். மோர் கேனைத் தூக்கித் தோளில் வைத்தேன்.

“ஏங்க! ஏங்க! அது மோருங்க!” என்று செல்வி உள்ளே இருந்தபடியே கத்தினாள். அவள் இறங்கவே இல்லை. ஐந்து தட்டையும் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பானெட்டைத் தூக்கினேன். குப்பென்று புகை முகத்தில் அடித்தது. கேனைக் கவிழ்த்தேன். களக் களக் என்று இருபது லிட்டர் மோரும் என்ஜின்மேலும் என்மேலுமாக இறங்கியது. கொதிக்கிற இரும்பில் பட்டதும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் அந்த வயல்வெளி முழுக்க வாசனை பரவியது. கறிவேப்பிலை, இஞ்சி, பெருங்காயம். என் கார் மோர்க்குழம்பு தாளித்துக்கொண்டிருந்தது.

புகை நிற்கவில்லை. ஏனென்றால் புகை என்ஜினிலிருந்து வரவே இல்லை. அஞ்சலாட்சி அம்மா நிதானமாக நடந்து வந்தார். குனிந்து, கையிலிருந்த அரிவாளை வண்டிக்கு அடியில் விட்டு, சைலன்சரில் சுற்றியிருந்த ஒரு கை செடியை இழுத்து வெளியே போட்டார். அதன் நுனி கருகி லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. செருப்புக் காலால் ஒரு மிதி. முடிந்தது. தீயணைப்பு வேலை மொத்தம் அவ்வளவுதான்.

“இதுக்காப்பா இந்தக் கூவு கூவுன?” என்றார். பிறகு பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். “இதுக்குள்ள எதுக்கு மோர ஊத்துன?”

காலிக் கேனைத் தோளிலிருந்து இறக்கி வைத்தேன்.

வரப்பிலிருந்து மாமனார் குரல் கேட்டது. “மாப்ள…”

திரும்பினேன். அவர் கையில் தீயணைக்கும் சிலிண்டர். வீட்டிலிருந்து கிளம்பியது முதல் அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“இந்தச் செவப்பு டப்பா இன்னாத்துக்கு மாப்ள? கால்ல இடிச்சிதுன்னு கையில எடுத்து வெச்சிருந்தேன்.”

செல்வி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “வண்டிய எடுங்க, மணி ஒம்போதே முக்கால்” என்றாள். அந்தக் குரலுக்குத் திட்டே பரவாயில்லை.

சாவியைத் திருப்பினேன். ‘க்ர்ர்… க்ர்ர்…’ என்றது. இன்னொரு முறை. ‘க்ர்’ என்றதோடு சரி. பிளக் நான்கும் மோரில் முங்கிக் கிடந்தன. இருபது வருஷமாகக் கடைக்கு வருகிற ஒவ்வொரு விவசாயியிடமும் “நனஞ்ச மோட்டார போடாதீங்கய்யா, போடாதீங்க” என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்கிறவன் நான்.

கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. குடும்பத்தோடு. செல்வியின் நிபந்தனை ஒவ்வொரு எழுத்தாக என் கண்முன் வந்தது. அதைவிட மோசம், ஃபோன் அடித்தது. காஞ்சனா.

“அண்ணா, எங்கண்ணா இருக்க? ஆசாரி வந்து உக்காந்துட்டாரு. எங்க மாமியா ஒரு மாதிரியா பாக்குறாங்க. மணி ஆவுது.” அழுகிற குரல்.

“வந்துனே இருக்கேம்மா. தோ, பக்கத்துல வந்துட்டேன்” என்றேன். வாயில் மோர்.

பதினோரு வருஷம் காத்திருந்து பெற்ற குழந்தை. அதற்கு ஒரு மடி தேவை. அந்த மடி பாகூருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், கறிவேப்பிலையோடு நின்றுகொண்டிருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. கார் போனால் போகிறது, இன்றைக்கே விற்றுவிடுகிறேன், நேரத்துக்குப் போனால் போதும் என்று நின்ற இடத்திலேயே வேண்டிக்கொண்டேன்.

டிரெய்லரைக் கட்டிக்கொண்டு வீரமுத்துவின் டிராக்டர் வந்தது அப்போதுதான். உளுந்து மூட்டை ஏற்றிப்போக வந்தவன். என்னிடம் இரண்டு முறை மோட்டார் காயில் கட்டியவன். இறங்கி, காரைச் சுற்றி வந்து, மோந்து பார்த்தான்.

“அண்ண, இன்னா வாசன இது? பசி எடுக்குது.”

அஞ்சலாட்சி அம்மா விஷயத்தைச் சொன்னார். வீரமுத்து ஒரு நிமிஷம் டயரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். “என்னிய மட்டும் அன்னிக்கி அப்டித் திட்டுன? மோட்டார்ல தண்ணி பட்டுதுன்னு?”

“சிரிச்சிக்க வீரமுத்து. ஆனா பத்தரைக்குள்ள என்ன கோயில்ல வுட்டுடு.”

நான் வாங்கிப் போட்டிருந்த சாமான்களில் உருப்படியாகப் பயன்பட்டது அந்த நைலான் கயிறு ஒன்றுதான். செல்வியும் மாமனாரும் சீர்த்தட்டுகளோடு டிரெய்லரில் ஏறிக்கொண்டார்கள். காரை நடுரோட்டில் விட்டுவர முடியாது என்பதால், பின்னால் கயிற்றில் கட்டிய காரில் நான் மட்டும். கிளம்பும் முன் அஞ்சலாட்சி அம்மா ஜன்னலில் வந்து நின்றார்.

“மோர்ல ஊறுன உளுந்த நான் இன்னாப்பா பண்றது? ரெண்டு படி போச்சி. எரநூத்தி நாப்பது ரூவா.”

நியாயம்தான். சட்டைப் பையில் நனைந்த நூறு ரூபாய் நோட்டு ஒன்றுதான் இருந்தது. பர்ஸ் டிரெய்லரில் செல்வியிடம். நோட்டைக் கொடுத்து, மீதி அப்புறம் என்பதற்குள் வீரமுத்து வண்டியை எடுத்துவிட்டான்.

வீரமுத்துவுக்கு அவசரம் என்று சொன்னது என் தப்பு. நான் வாங்கியதிலிருந்து அந்தக் கார் அவ்வளவு வேகமாகப் போனதே இல்லை.

பத்து இருபதுக்குக் கோயில் வாசல். உறுமிக்கொண்டு டிராக்டர், மேலே தட்டோடு நிற்கிற செல்வி, தோள் துண்டோடும் சிலிண்டரோடும் மாமனார், பின்னால் சிவப்புக் கார். தாய்மாமன் சீர் டிராக்டரில் ஊர்வலமாக வருகிறது என்று நினைத்து மேளக்காரர் அடிக்க ஆரம்பித்துவிட்டார். காஞ்சனாவின் மாமியார்கூட “பரவால்லயே, மாமன் பெருசா செய்றாரே” என்றாராம். நான் காரிலிருந்து இறங்கியதும் மேளம் தானாக நின்றது. தலையிலிருந்து கால் வரை வெள்ளை. தலைமுடியில் கொத்தமல்லி.

துடைத்துக்கொள்ள நேரமில்லை. அப்படியே உட்காரவைத்துக் குழந்தையை மடியில் கொடுத்தார்கள். ஆசாரி என்னை மோந்து பார்த்துவிட்டு ஊசியை எடுத்தார். குழந்தை அழவில்லை. என் காதோரம் ஒட்டியிருந்த கறிவேப்பிலை ஒன்றைப் பிய்த்தெடுப்பதில் மும்முரமாக இருந்தாள். முதல் காது குத்தியதே அவளுக்குத் தெரியாது. இரண்டாவது காது குத்துவதற்குள் கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது. ஏரிக்கரை அதிர அழுதாள். பத்து இருபத்தெட்டு. காஞ்சனா என் பக்கத்தில் வந்து, நனைந்த தோளில் கையை வைத்தாள். “வந்துட்ட இல்ல, போதும்ண்ணா” என்றாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

பந்தியில் மோர் கேட்டார்கள். “மோரு எங்க?” என்றது ஒரு குரல். “காரு குடிச்சிடுச்சி” என்றான் வீரமுத்து. அவனைச் சாப்பிட உட்காரவைத்தது நான்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு வேப்ப மரத்தடியில் காரைத் தள்ளிப்போய், பிளக்கைக் கழற்றி, துடைத்து, வெயிலில் காயவைத்தேன். அது என் தொழில். மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பினேன். ஒரே முறை. அந்தப் பழைய உறுமல், பின்னால் கொஞ்சம் மோர்ப் புகை. வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். நான் மட்டும் தலை குனிந்து நின்றேன். வாக்கு என்றால் வாக்கு.

“செல்வி, நாளைக்கே வில்லியனூர் புரோக்கருக்கு ஃபோன் பண்ணிடறேன்.”

“எதுக்கு?”

“நடுரோட்ல நின்னுடுச்சே. நீ சொன்ன மாரி வித்துடலாம்.”

செல்வி தட்டுகளை அடுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். “காரு எங்கங்க நின்னுச்சி? அது ஒழுங்காத்தான போய்க்கினு இருந்துது. நீங்க நிறுத்துனீங்க, நீங்க மோர ஊத்துனீங்க. விக்கறதா இருந்தா உங்களத்தான் விக்கணும். யாரு வாங்குவா? எடுங்க வண்டிய, இருட்டறதுக்குள்ள மாட்டுக்குத் தண்ணி காட்டணும்.”

மாமனார் முன்சீட்டில் ஏறி, கேட்காமலே சிலிண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் காரை வாங்கிய பிறகு முதன்முதலாக அன்று ஐம்பதில் ஓட்டினேன்.

கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. என்ஜின் சூடானால் இப்போதும் லேசாகப் பெருங்காயம் வாசனை வரும். காது குத்திக்கொண்ட மருமகள் நன்றாகப் பேசுகிறாள், என் வீட்டுக்கு வந்தால் நேராகக் காரிடம் போய், “மோரு குச்சிட்டியா?” என்று கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வருவாள். காஞ்சனா வீட்டில் யாராவது அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்தால், “மோர ஊத்திடாத” என்பது வழக்காகிவிட்டது.

அஞ்சலாட்சி அம்மாவின் மீதிப் பணம்தான் தீரவில்லை. அவர் ஊர் எனக்குத் தெரியாது, வீரமுத்துவும் கேட்டால் சிரிக்கிறானே தவிர சொல்ல மாட்டேன் என்கிறான். உளுந்துக் காலத்தில், அந்த ரோட்டில் செடி பரப்பும்போதுதான் கண்ணில் படுவார். இந்த வருஷமும் பார்த்தேன். என் சிவப்புக் காரைத் தூரத்தில் கண்டதுமே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “ஏ மோரு! என் பாக்கி எங்கப்பா?” என்றார். பணத்தைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் கொடுக்க வேண்டுமென்றால் நிறுத்த வேண்டும். அந்த உளுந்தின்மேல் இனி எந்த ஜென்மத்திலும் நிறுத்துவதில்லை என்று செல்வியிடம் சத்தியம் செய்திருக்கிறேன். பின்சீட்டில் செல்வி வேறு உட்கார்ந்திருந்தாள். போய்க்கொண்டே இருந்தேன். மறுநாள் பைக்கில் போய் நீட்டினால், அந்த அம்மா வாங்கவில்லை. “நீ யாருன்னே தெரியலயேப்பா. கார்ல வந்து நிறுத்திக் குடு, வாங்கிக்கறேன்” என்று சிரிக்கிறார்.

ஆக, பாக்கி அப்படியே இருக்கிறது. நூற்று நாற்பது ரூபாய்.